"ஆய்வு மட்டும்தானே" என்று சொல்கிறவர்களுக்கு



விநாயகபுரம், திருக்கோவில் கரையின் இல்மனைட் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஊர்களில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "இப்ப அகழ இல்லயே சேர், ஆய்வு மட்டும்தானே. அகழ வரக்குள்ள பாப்பம்." இந்தப் பதிவு அந்த ஒரு வசனத்துக்கு எதிராகத்தான்.

ஆய்வு என்பது கரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, துளை போட்டு, எந்த ஆழத்தில் எத்தனை வீதம் கனியம் கிடக்கிறது என்று அளப்பது. துளை சிறியதுதான். அதனால் ஊர் அழிந்துவிடும் என்று யாரையும் வெருட்ட நாம் வரவில்லை. ஆனால் எந்தக் காணி தோண்டப்படும், எது தப்பும் என்ற படம் அந்தத் துளைகளை வைத்துத்தான் கீறப்படுகிறது. அகழ வரும்போது படம் முடிந்திருக்கும், பணம் போட்டிருப்பார்கள். போட்ட பணத்தை எடுக்காமல் எவன் திரும்பிப் போவான்?

ஆய்வு அனுமதிப்பத்திரத்தை 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் கொடுக்கிறது. அகழ்வுக்காகச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தால் அதை வாசித்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு 30 நாள்! ஆய்வுக் காலத்தில் அந்த வாய்ப்பும் இல்லை.

ஆனால் வேறு ஆட்களுக்கு எல்லாம் தெரியும். நமது அம்பாறைக் கரையின் கனிய மணல் திட்டத்தை வைத்திருக்கும் கெப்பிட்டல் மெட்டல்ஸ் லண்டன் பங்குச் சந்தையில் பதிவான கம்பனி. 17.2 மில்லியன் தொன் மணல், அதில் சராசரி 17.6 வீதம் பாரக் கனியம் என்று பங்குதாரர்களுக்கு அறிவித்திருக்கிறார்கள். பகிரங்கமாகத்தான், ஆங்கிலத்தில். நம் கிணற்றடி மணலின் கணக்கை லண்டனில் இருப்பவர் வாசிக்கிறார். விநாயகபுரத்தில் கரைவலை இழுப்பவருக்கு அதைத் தமிழில் சொல்லும் கடமை யாருக்கு இருக்கிறது?

கனியத்தைப் பிரித்தெடுத்து மிச்ச மணலைத் திருப்பிப் போடுவோம் என்கிறார்கள். சரி. 17.6 வீதம் என்றால் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். அதுவும் மணலிலேயே பாரமான பங்கு, அலை இலகுவில் அள்ள முடியாத பங்கு. அது போன பிறகு மாரிக் கடல் அடிக்கும்போது அந்த மேடு நிற்குமா? கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துதான் கிடக்கிறது. மணலைக் கிளறினால் அந்தத் தண்ணீருக்கு என்ன நடக்கும்? தோண்டுவதற்கு முந்திய அளவு கையில் இருந்தால்தான் பிந்திய அளவை வைத்து வழக்குப் பேசலாம். அதை எடுக்கும் காலம் இதுதான், ஆய்வுக் காலம்.

இனி நம் ஆட்களுக்கு. 2018இல் திருக்கோவில் மக்கள் இல்மனைட் அகழ்வுக்கு எதிராக வீதிக்கு இறங்கியபோது "அது தமிழ் ஆக்கள்ட பிரச்சின" என்று சொன்னவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் ஒலுவிலுக்குப் போய்ப் பார்க்கட்டும். 2013இல் துறைமுகம் திறந்தார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அலைதடுப்புக் கல் மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே ஒலுவில் கரையும் தென்னந்தோப்பும் கடலுக்குள் போயின. நிந்தவூர் வரை அந்தக் கதை போனது. விநாயகபுரம் ஒலுவிலுக்குத் தெற்கே. அங்கே குறையும் மணல் யாருடைய மணல் என்று நாமே கணக்குப் பார்ப்போம். சுனாமியில் இந்த நாட்டிலேயே அதிகமான உயிர்களைக் கொடுத்த மாவட்டம் இது. அன்று கடல் பெயர் கேட்டு வரவில்லை.

வேலை கிடைக்குமாம். புல்மோட்டையில் 1957இலிருந்து அரச கூட்டுத்தாபனமே இருக்கிறது. அங்கிருந்து கனியம் இன்னமும் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. வேறென்ன சொல்ல.

நாம் கேட்பது அபிவிருத்தியை நிறுத்தச் சொல்லி அல்ல. ஆய்வு நடக்கும் ஒவ்வொரு இடமும் பிரதேச செயலகத்தில் தமிழ் வரைபடமாக ஒட்டப்பட வேண்டும். காணிக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் துளை போடக் கூடாது, போட்ட துளையை அன்றே மூட வேண்டும். கிணற்று நீரையும் கரையின் அகலத்தையும் இப்போதே அளந்து வைக்க வேண்டும். மீனவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிருவாகம் என்று இரு சமூகத்திலிருந்தும் ஆட்கள் உள்ள கண்காணிப்புக் குழு வேண்டும். கம்பனி சம்பளம் கொடுக்கும் குழு வேண்டாம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. தமிழில் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகள், துளைகளின் வரைபடம், பணியகத்துக்குக் கம்பனி கொடுத்த அறிக்கைகள் ஆகிய மூன்றையும் கேட்டு விண்ணப்ப மாதிரி ஒன்று எழுதி வைத்திருக்கிறோம். கடலும் கரையும் நம்மிடம் அமானிதம் என்று ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டியவர்களும், கையெழுத்து வைக்க விரும்பும் எவரும் உள்பெட்டிக்கு வாருங்கள். விநாயகபுரத்து நண்பர்கள் முதலில்.