துக்க வீட்டில் கொடி

சென்னிமலைப் பக்கத்திலிருந்து தோழர் ஒருவர் நமக்கு மடல் விடுத்திருக்கிறார். விசைத்தறி ஓட்டுபவர். அரசியல் மடல் அல்ல. அழுத கண்ணோடு எழுதிய மடல். ஆகஸ்டு 8ஆம் நாள் அவருடைய தந்தையார் மறைந்தார். குழித்தறியில் கால் தொங்கவிட்டு, நாடா எறிந்து எறிந்து, ஐம்பதாண்டுக்கு மேல் தோள் தேய்ந்த கிழவர். ஊருக்கெல்லாம் போர்வை நெய்தவர். அவருடைய பதினாறாம் நாள் இன்னும் வரவில்லை. அதற்குள் வருகிறது ஆகஸ்டு 15!

அந்தப் பெரியவர் ஒரு பழக்கம் வைத்திருந்தாராம். ஆகஸ்டு 15 காலையில், தாமே வாங்கி வைத்த மூவர்ணக் கொடியை, தாமே திண்ணைத் தூணில் மூங்கில் வைத்துக் கட்டுவாராம். யாரையும் கட்ட விடமாட்டாராம். இந்த ஆண்டு கட்டுவதற்கு அவர் இல்லை. கொடி மட்டும் பெட்டியின் மேல் மடித்தபடி இருக்கிறது. தொடலாமா, தொடக்கூடாதா? இதுதான் தோழரின் கேள்வி.

அவரைச் சும்மா விட்டிருந்தால் இந்த மடலே வந்திராது. துக்கம் கேட்க வந்தவர்கள், துக்கத்தோடு சேர்த்துக் குழப்பத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாத்திரம் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் பெரியவர் ஒருவர் வந்து, “தீட்டு கழியலே தம்பி. சாவு விழுந்த வூட்டிலே கொடி ஏத்துனா நாட்டுக்கே ஆகாது” என்று அருள்வாக்கு அளித்திருக்கிறார். அவர் போன சூட்டோடு ஓர் இளைஞர், கையிலே கைப்பேசி, நெஞ்சிலே நாட்டுப்பற்று, “அண்ணே, தெருவிலே எல்லா வூட்டிலேயும் கொடி பறக்குது. உங்க வூடு மட்டும் மொட்டையா நின்னா நாலு பேரு என்ன நெனைப்பாங்க?” என்று கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே, தங்கையின் கணவர் ஒரு சமரசத் திட்டம் தீட்டியிருக்கிறார்: “மச்சான், பாதிக் கம்பத்திலே கட்டிடலாம். மாமாவுக்கும் மரியாதை, நாட்டுக்கும் மரியாதை.”

தீட்டுக்காரரை முதலில் கவனிப்போம். அவர்தான் பழைய ஆள்!

ஒரு நெசவாளி மூச்சை விட்டால் நாட்டின் கொடிக்குத் தீட்டு ஒட்டிக்கொள்ளுமாம். அந்தக் கொடி எங்கிருந்து வந்தது ஐயா? தறியில் நெய்யப்படும் துணிக்குத் தீட்டு உண்டா? அதை நெய்கிறவன் வீட்டில் சாவு இல்லையா, பிறப்பு இல்லையா? துக்க வீட்டு நெசவாளி பதினாறு நாள் கழித்துத்தான் நெய்தானா, இல்லை வயிற்றுப் பாட்டுக்காக மூன்றாம் நாளே தறிக்குழியில் இறங்கினானா என்று கேட்டுப் பார்த்தா நீர் வேட்டி வாங்கி உடுத்துகிறீர்? கூலிக்காரன் வீட்டுச் சாவு உம் இடுப்பு வரைக்கும் வரலாம். கொடிக்கம்பம் வரைக்கும் மட்டும் வரக்கூடாதோ?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கட்டும். எல்லையில் ஒரு படைவீரன் மாள்கிறான். அவன் உடல் ஊர் வருகிறது. பெட்டியின் மேலே என்ன இருக்கிறது? மூவர்ணக் கொடி! காவி நிறம் தலைப்பக்கம் இருக்கும்படி போர்த்துகிறார்கள். பிணத்தின் மேலேதான் போர்த்துகிறார்கள்; தீட்டு என்று எந்தத் தளபதியும் கையை உதறிக்கொண்டு விலகி நிற்பதில்லை. எரியூட்டுமுன், அல்லது குழியில் இறக்குமுன், கொடியை எடுத்துவிட வேண்டும். அது எரியவும் கூடாது, புதையவும் கூடாது என்பது விதி. எடுத்த கொடியை மடித்து யார் கையில் கொடுக்கிறார்கள்? அவனைப் பெற்றவள் கையில். அல்லது அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் கையில். நேற்று வரை பூ வைத்திருந்தவள். இன்று, எதிரே வந்தால் சகுனத் தடை என்று வைதீகம் ஒதுக்கி நிறுத்துகிற பெண். கல்யாணப் பந்தலில் மஞ்சள் எடுத்துக் கொடுக்கக்கூட அந்தக் கையை அனுமதிக்கமாட்டீர்கள். ஆனால், நாடு தன்னுடைய கொடியை அந்தக் கையில்தான் கொடுக்கிறது. அவள் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். எந்த வீட்டுக்கு? சாவு விழுந்த வீட்டுக்கு!

தீட்டு எங்கே போயிற்று?

இனி மைத்துனரின் சமரசத் திட்டம். நல்ல மனத்தோடு சொன்னார்; நமக்குப் புரிகிறது. ஆனால் செய்யக்கூடாது. தேசியக் கொடியைத் தாமாக அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதன் பிற்காலத் திருத்தங்களோடு சேர்த்துப் படித்தால், கொடியை அவமதித்த குற்றம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அரசு ஆணையிட்டுப் பொதுக் கட்டடங்களில் இறக்கும் நாட்களில் மட்டுமே அரைக்கம்பம். இறுதி ஊர்வலத்தன்று பெரியவர் உடல் மீது கொடியைப் போர்த்த அவருடைய பேரன் விரும்பினான் என்றும், யாரோ வேண்டாமென்று தடுத்தார்கள் என்றும் தோழர் எழுதியிருக்கிறார். தடுத்தவர் யாராயினும் வாழ்க! அரசு மரியாதை, படை மரியாதை, துணைப்படை மரியாதை பெறும் இறுதிச் சடங்குகள் தவிர, தனியார் சாவில் தேசியக் கொடியைப் போர்வை ஆக்கக்கூடாது.

யாருக்காக இறங்குகிறது அந்தக் கொடி? கொடி விதிகளில் ஒரு பட்டியலே இருக்கிறது. குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், பிரதமர் மறைந்தால் நாடு முழுவதும். மக்களவைத் தலைவர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்றால் தில்லியில். மத்திய அமைச்சரவை அமைச்சர் என்றால் தில்லியிலும் மாநிலத் தலைநகர்களிலும். ஆளுநர், முதலமைச்சர் என்றால் அந்த மாநிலம் முழுவதும். மாநில அமைச்சர் என்றால் மாநிலத் தலைநகரில் மட்டும். பதவியின் நீளத்துக்குத் தக்கபடி துக்கத்தின் அகலம்! பட்டியலுக்கு வெளியேயும் ஆணை பிறப்பதுண்டு. 2022 செப்டம்பர் 11 அன்று, பிரிட்டிஷ் அரசி எலிசபெத்துக்காக இந்தியாவின் கொடி ஒரு நாள் அரைக்கம்பத்தில் பறந்தது. அரசிக்கு இறங்கியது, நெசவாளிக்கு இறங்காது. இதைச் சொல்வதால் விதியை மாற்று என்று நாம் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு இறக்கினால், நாடே அழும் நாள் எது, தெருவோர் அழும் நாள் எது என்று தெரியாமல் போகும். ஆகவே விதி இருக்கட்டும். ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது பாட்டாளிக்கு நெஞ்சில் ஒரு முள் தைக்கத்தான் செய்யும். தைக்கவில்லை என்று நாம் நடிக்க மாட்டோம்.

நம் கழகக் கொடிக்கு அந்தத் தடையெல்லாம் இல்லை. கிளைக் கழகத்தார் கறுப்பு சிவப்புக் கொடியை முச்சந்தியில் பாதியில் இறக்கலாம். ஒரு தறித் தொழிலாளிக்காக இறக்கலாம். யாரும் கேட்க முடியாது. இறக்கினார்களா என்று தோழர் எழுதவில்லை. இறக்கவில்லையென்றால் கிளைச் செயலாளர் இதைப் படித்துவிட்டாவது வெட்கப்படட்டும்.

இப்போது முதன்மையான கேள்வி. அரைக்கம்பம் கூடாது, சரி. முழுக்கம்பத்தில், துக்க வீட்டில், ஏற்றலாமா?

ஏற்றலாம். இதற்கு விடை அதே விதிகளுக்குள்ளேயே கிடக்கிறது. நாட்டின் தலைவரே மறைந்து, கொடி அரைக்கம்பத்தில் பறக்க வேண்டிய நாள் ஆகஸ்டு 15ஆக அமைந்துவிட்டால் என்ன செய்வது? ஜனவரி 26ஆக, அக்டோபர் 2ஆக அமைந்தால்? விதி சொல்கிறது: அன்று அரைக்கம்பம் இல்லை, முழுக்கம்பம்தான். மறைந்தவரின் உடல் கிடக்கும் கட்டடத்தில் மட்டும் தாழ்ந்திருக்கும். உடல் வெளியேறியதும் அங்கும் உயர்த்திவிட வேண்டும். நாடே துக்கம் காக்கும் நாளில்கூடக் கொடி உயரத்தில் பறக்கலாம் என்றால், சென்னிமலைப் பக்கத்துத் திண்ணையில் பறந்தால் துக்கத்துக்கு என்ன குறை வந்துவிடும்? இன்னும் கேளுங்கள்: அரைக்கம்பத்தில் கட்டும்போதுகூட நேரே பாதியில் கட்டுவதில்லை. முதலில் உச்சிக்கு ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகுதான் பாதிக்கு இறக்குகிறார்கள். மாலையில் இறக்குமுன்பும் மறுபடி உச்சிக்குப் போய்த்தான் கீழே வரவேண்டும். அழும்போதும் ஒருமுறை நிமிர்ந்துவிட்டு அழுகிறது அந்தக் கொடி.

ஆக, தோழர் ஏற்றினால் பிழையில்லை.

ஏற்றாவிட்டால்? அதுவும் பிழையில்லை! கைப்பேசி இளைஞருக்கு நாம் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

2002 ஜனவரி 26க்கு முன்பு, ஆண்டில் சில நாட்கள் தவிர, சாதாரண மனிதன் தன் வீட்டில் தேசியக் கொடி ஏற்றவே உரிமை இல்லாதிருந்தான். தொழிற்சாலையில் கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்ட முதலாளி நவீன் ஜிந்தால் நீதிமன்றம் ஏறினார்; 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடி ஏற்றுவது குடிமகனின் அடிப்படை உரிமை, கருத்துரிமையின் ஒரு பகுதி, என்று தீர்ப்பளித்தது. முதலாளி வாங்கித் தந்த உரிமையானால் என்ன, தொழிலாளிக்கும் அது உண்டு. நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. 2022இல், வீடுகளில் இரவும் பகலும் பறக்கலாம் என்று விதி தளர்ந்தது. அதே ஆகஸ்டில் ‘இல்லந்தோறும் மூவர்ணக் கொடி’ என்ற இயக்கம் வந்தது. கொடியோடு படம் எடுத்து இணையத்தில் ஏற்றுங்கள் என்றார்கள். (அதற்கு முந்தைய டிசம்பரில், எந்திரத்தில் செய்த பாலியஸ்டர் கொடிக்கும் கதவு திறந்துவிட்டார்கள். கைத்தறிக்காரன் வீட்டுத் தூணில் பாலியஸ்டர்! அந்த வழக்கைத் தனியே ஒருநாள் எடுப்போம்.)

ஆனால் உரிமை வேறு, கடமை வேறு. பேசும் உரிமை உள்ளவனுக்கு மௌனமாக இருக்கும் உரிமையும் உண்டு. 1986இல் உச்ச நீதிமன்றம் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் மூவர் வழக்கில் இதைத் தெளிவுபடுத்திற்று. நாட்டுப் பண் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை, பள்ளி வெளியேற்றியது. வெளியேற்றியது தவறு, திரும்பச் சேர்த்துக்கொள் என்றது நீதிமன்றம். வாய் திறந்து பாடாத பிள்ளைக்கே பாதுகாப்பு இருக்கும்போது, தகப்பனைப் பறிகொடுத்தவன் திண்ணைத் தூண் வெறுமையாக இருப்பதைக் கணக்கெடுக்க நீ யார் தம்பி? தெருவில் எத்தனை கொடி பறக்கிறது என்று எண்ணிய நீ, அந்த வீட்டில் எத்தனை நாளாக அடுப்பு எரியவில்லை என்று எண்ணினாயா?

கொடியும் துக்கமும் மோதும் இந்தச் சிக்கல் நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. 1947 ஆகஸ்டு 15ஐத் தந்தை பெரியார் துக்க நாள் என்றார். அவருடைய தளபதி அண்ணா, இல்லை, அது மகிழ்ச்சிக்குரிய நாள் என்றார். ஒரே இயக்கம், ஒரே நாள், இரண்டு உள்ளங்கள்! கொண்டாட மறுத்த பெரியாரை நாட்டுப் பகைவர் என்று அண்ணா சொன்னாரா? சொல்லவில்லை. 1965 ஜனவரி 26, இந்தி ஆட்சிமொழி அரியணை ஏறவிருந்த நாள். குடியரசு நாளைத் துக்க நாள் என்று கழகம் அறிவித்தது. ஜனவரி 25 அன்றே அண்ணாவைப் பிடித்து அடைத்தது பக்தவத்சலம் அரசு. கோடம்பாக்கம் சிவலிங்கம் 26ஆம் நாளிலும், விருகம்பாக்கம் அரங்கநாதன் 27ஆம் நாளிலும் தீக்கு உடல் தந்தார்கள். அந்த வீடுகளில் அந்த வாரம் கொடி ஏற்றச் சொல்லி எவன் போய் நின்றிருக்க முடியும்? இரண்டே ஆண்டில், 1967இல், துக்க நாள் அறிவித்த அண்ணா நாட்டின் சட்டப்படி முதலமைச்சரானார். கலைஞர் 1974இல் வாதாடிப் பெற்றுத் தந்ததால், அதுவரை ஆளுநர்களே ஏற்றிவந்த சுதந்திர நாள் கொடியை, அந்த ஆண்டு ஆகஸ்டு 15 முதல் எல்லா மாநில முதலமைச்சர்களும் ஏற்றுகிறார்கள். துக்கம் காத்தவர்கள்தான் கொடியேற்றும் உரிமையையும் கேட்டு வாங்கினார்கள். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கக் கூடாதா என்ன?

எனவே, தோழரே, உம் வீட்டுக்கு வருவோம். ஊரார் கேட்பதற்காக ஏற்ற வேண்டாம். ஊரார் கேட்பதற்காக விடவும் வேண்டாம். உம் தாயார் இருக்கிறார் அல்லவா? அவரைக் கேளும். ஐம்பது ஆண்டு அந்தக் கிழவரோடு நூல் இழைத்தவர். அவர் சொல்லுக்கு மேல் அந்த வீட்டில் வேறு தீர்ப்பு இல்லை. ஏற்றச் சொன்னால், பேரன் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லும், காவி மேலே இருக்கட்டும், பெட்டியில் கிடந்த துணி, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும், கிழிந்திருந்தால் கட்டக்கூடாது. மூங்கிலின் உச்சிக்கே போகட்டும். முடிந்தால் அந்தத் தாயின் கையாலேயே முடிச்சுப் போடச் சொல்லும். தீட்டுக்காரர் எதிர்த் திண்ணையிலிருந்து பார்க்கட்டும். மனம் வரவில்லை என்று அம்மையார் சொன்னால், கொடி மடித்தபடி பெட்டியின் மேலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டும் ஆகஸ்டு 15 வரும். யாராவது வந்து ஏன் என்று கேட்டால் நீர் விடை சொல்ல வேண்டாம். கிளைச் செயலாளர் வீட்டைக் காட்டி அனுப்பும்.

பதினாறாம் நாள் படத்திறப்பு வைப்பதானால் நேரத்தை மட்டும் ஒரு வரி எழுதும். நாம் வருகிறோம்.