மெஷின் வரும் பின்னே... பேச்சு வரும் முன்னே!

கேம்பஸில் செலக்ட் ஆகி, ட்ரெயினிங் முடித்து, முதல் ப்ராஜெக்ட்டுக்காக ஒரு க்ளையன்ட் ஆபீஸுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் லேப்டாப். அதில் உங்கள் டீம் ஆறு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய சாஃப்ட்வேர். எதிரே ஐம்பத்தைந்து வயது சீனியர் கிளார்க். நீங்கள் உற்சாகமாக டெமோ காட்டி முடிக்கிறீர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, ‘‘நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா, எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?’’ என்கிறார்.

‘சரியான பழைய பஞ்சாங்கம்’ என்று மனசுக்குள் முத்திரை குத்தினீர்கள் என்றால், ப்ராஜெக்ட் அந்த இடத்திலேயே பணால்! அவர் கேட்டது டெக்னாலஜி பற்றிய கேள்வியே இல்லை. ‘இது வந்த பிறகு என் கதி என்ன?’ என்பதைத்தான் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் நீங்கள் எத்தனை ஸ்லைடு போட்டாலும் வேஸ்ட்.

இந்தக் கேள்விக்கு ஊரறியப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் நம் நாட்டு வங்கிகளுக்கு வந்தது. இன்றைக்கு டீக்கடையில் பத்து ரூபாயைக்கூட போனில் தட்டிவிடுகிறோம். ஆனால், 1980களின் ஆரம்பத்தில் வங்கி எப்படி இருந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள். பணம் எடுக்கப் போனால் பித்தளை டோக்கன் ஒன்றைக் கையில் கொடுத்து பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார்கள். உள்ளே தூக்கவே முடியாத கனத்தில் லெட்ஜர்கள். வரவு, செலவு, வட்டி எல்லாம் கையால் எழுதிக் கூட்டியாக வேண்டும். கணக்கு டேலி ஆகவில்லையென்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் வீட்டுக்குப் போக முடியாது. அரையாண்டுக் கணக்கு முடிக்கும் சீஸன் வந்தால் கேட்கவே வேண்டாம்!

‘இவ்வளவு கஷ்டம் இருந்தால் கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்து வரவேற்றிருப்பார்களே?’ என்றுதானே நினைக்கிறீர்கள்? நோ சான்ஸ். 1960களிலேயே கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள், ஆபீஸுக்குள் கம்ப்யூட்டர் நுழையக் கூடாது என்று கட்டடத்தைக் காவல் காத்தவர்கள். வங்கி யூனியன்களும் ‘ஆட்டோமேஷன்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே கொடி பிடித்தன. இதைப் படித்துச் சிரிப்பது ஈஸி. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் அது. ஒருத்தர் சம்பளத்தில் ஒரு குடும்பமே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பத்துப் பேர் வேலையை ஒரு மெஷின் செய்யும் என்று சொன்னால், மீதி ஒன்பது பேர் என்ன ஆவார்கள் என்று கேட்பது முட்டாள்தனமா என்ன?

அடுத்து நடந்ததில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் ஆர்டர்தான். வங்கிகளின் சங்கமான ஐ.பி.ஏ.வும் ஊழியர் யூனியன்களும் மெஷின்கள் பற்றி ஒப்பந்தம் போட்டது 1983 செப்டம்பரில். அப்போது ரிசர்வ் வங்கியின் துணை கவர்னராக இருந்த சி.ரங்கராஜன் தலைமையிலான கமிட்டி, கிளைகளில் மெஷின்களை எப்படிக் கொண்டுவரலாம் என்று ரிப்போர்ட் கொடுத்தது 1984-ல். அதாவது, ஆட்களோடு முதலில் கையெழுத்து... அப்புறம்தான் முழு திட்டம்! என்ன மாதிரி மெஷின், எந்த அளவுக்கு என்பதெல்லாம்கூட பேரம் பேசி எழுதப்பட்டது. மெஷின் வந்தது என்பதற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதுதான் அந்தப் பேச்சுக்கெல்லாம் அச்சாணி. பிறகு 1987-ல் ஒன்று, 1993-ல் ஒன்று என அடுத்தடுத்து ஒப்பந்தங்கள். மெஷினில் உட்காருபவர்களுக்குத் தனி அலவன்ஸும் வந்தது.

அந்த மெஷினுக்கு வைத்த பெயர்தான் செம காமெடி. ‘அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்’. சுருக்கமாக ஏ.எல்.பி.எம். உள்ளே பார்த்தால் கிட்டத்தட்ட நம் பி.சி.தான்! ‘கம்ப்யூட்டர்’ என்று சொன்னால் சண்டை வரும், ‘லெட்ஜர் மெஷின்’ என்றால் வராது என்று அப்படிப் பெயர் வைத்ததாக பழைய வங்கிக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால், வெறும் பெயரை மாற்றியா ஜெயித்தார்கள்? ராத்திரி வரை உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருந்த பேலன்ஸை அந்த மெஷின் சாயங்காலமே போட்டுக் கொடுத்தது. அதற்கு மேல் எந்தப் பிரசங்கமும் தேவைப்படவில்லை.

உடனே ‘ஆஹா, சுபம்’ போட்டுவிடாதீர்கள். பேச்சுவார்த்தைக்குப் பிடித்த காலம் கொஞ்சநஞ்சமில்லை. 1990களின் நடுவில் வந்த புதிய தனியார் வங்கிகள் திறக்கும்போதே கம்ப்யூட்டரோடு திறந்தன. அரசு வங்கிகள் மூச்சிரைக்கப் பின்னால் ஓடவேண்டியிருந்தது. 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. அரசு வங்கிகளிலிருந்து 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே போனார்கள். யாரையும் துரத்தவில்லை, பணம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஆனாலும், அவர்கள் காலி செய்த நாற்காலிகள் எல்லாம் மறுபடி நிரம்பவில்லை. ஆக, அன்றைக்குக் கொடி பிடித்தவர்களின் பயத்தைக் கற்பனை என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. இப்போது ஏ.ஐ. வந்து ‘நானே கோடு எழுதுகிறேன்’ என்கிறபோது உங்கள் வயிற்றில் புளியைக் கரைக்கிறதே... அதே புளிதான் அது!

சரி, வேலை போகாது என்று தெரிந்துவிட்டால் எல்லோரும் கை தட்டிவிடுவார்களா? அதுவும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் சீடார்ஸ்-சினாய் என்று பெரிய, பிரபலமான ஆஸ்பத்திரி. டாக்டர்கள் மருந்துச் சீட்டைக் கையால் கிறுக்காமல் கம்ப்யூட்டரிலேயே ஆர்டர் போடவேண்டும் என்று 2002-ல் ஒரு சிஸ்டம் கொண்டுவந்தார்கள். செலவு சுமார் 3.4 கோடி டாலர். நோக்கம் தங்கமானது... கையெழுத்து புரியாமல் மருந்து மாறிப்போவதைத் தடுப்பது. எந்த டாக்டருக்கும் வேலை போகிற பயம் கிடையாது. ஆனாலும், நூற்றுக்கணக்கான டாக்டர்கள் ஒன்றுசேர்ந்து போர்க்கொடி தூக்க, சில மாதங்களிலேயே, 2003 ஜனவரியில் அதை நிறுத்திவைத்துவிட்டார்கள்.

ஏன்? நோயாளியின் கட்டிலருகே நின்றபடி சில நிமிடத்தில் கிறுக்கிவிட்டுப் போகிற வேலை, ஸ்கிரீன் ஸ்கிரீனாகத் தாண்டிப் பல மடங்கு நேரம் பிடித்தது. ஸ்பெல்லிங் ஒரு எழுத்து தப்பினாலும் சிஸ்டம் முரண்டு பிடித்தது. அதை வடிவமைக்கும்போது சில டாக்டர்களிடம் கேட்டிருந்தார்கள்தான். ஆனால், தினமும் வார்டு வார்டாக ஓடுகிற பெரும் கூட்டத்தின் அன்றாடப் பாடு ஸ்கிரீனுக்குள் வரவே இல்லை. ‘என் வேலை இருக்குமா?’ என்பது முதல் கேள்வி என்றால், ‘என் நாள் லேசாகுமா, பாரமாகுமா?’ என்பது இரண்டாவது. இரண்டாவதில் ஃபெயில் ஆனால், முதலாவதில் நூற்றுக்கு நூறு வாங்கியும் பிரயோஜனமில்லை.

இந்த இரண்டாவது பேப்பரை நன்றாக எழுதியவர்கள் ஸ்வீடன், டென்மார்க்காரர்கள். 1981 முதல் 1985 வரை ‘உட்டோப்பியா’ என்று ஒரு ப்ராஜெக்ட். பத்திரிகைப் பக்கங்களைக் கோக்கும் அச்சுத் தொழிலாளர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, வரப்போகும் கம்ப்யூட்டர் எப்படி இருக்கவேண்டும் என்று யோசித்தார்கள். அவர்கள் மனசில் இருந்த மெஷின் அப்போது கடையில் கிடைக்காது. அதனாலென்ன? அட்டைப்பெட்டியை எடுத்துவந்தார்கள். ஸ்கிரீன், மவுஸ் எல்லாம் டம்மி. ஒரு காலி அட்டைப்பெட்டிமேல் ‘லேசர் பிரின்டர்’ என்று எழுதி மேஜையில் வைத்துவிட்டு, அது நிஜம் என்றே நினைத்து வேலை பார்க்கச் சொன்னார்கள். ‘இது இங்கே இருந்தா கை எட்டாது’, ‘பக்கத்தை இவ்வளவு சின்னதா காட்டினா எப்படிப் பார்க்கிறது’ என்று தொழிலாளர்கள் சொல்லச் சொல்ல, பெட்டி இடம் மாறும். நீங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் எழுதியே தீரவேண்டிய ‘யூஸர் ரெக்வயர்மென்ட்’ சாப்டரை, நம்மில் பலர் யூஸர் முகத்தையே பார்க்காமல் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறோம். அந்த அட்டைப்பெட்டிக்கு ஆன செலவுகூட இல்லாத வேலை பாஸ், நேரில் போய்ப் பார்ப்பது!

அப்படிப் போகும்போது முதல் நாள் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். அந்த சீனியர் கிளார்க் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை சும்மா பாருங்கள். ‘‘இதுல உங்களை ரொம்பப் படுத்துறது எது சார்?’’ என்று கேளுங்கள். அதை உங்கள் சாஃப்ட்வேர் முதல் வாரமே சரிசெய்தால், மீதியை அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். பழைய ரெஜிஸ்டரையும் புதுசையும் கொஞ்ச நாள் சேர்த்தே ஓடவிடுங்கள். இரண்டும் ஒத்துப்போவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். சொல்லிக்கொடுக்கும்போது தயவுசெய்து அவர் கையிலிருந்து மவுஸைப் பிடுங்காதீர்கள். அவர் தேடித்தேடி க்ளிக் பண்ண அரை நிமிஷம் ஆகும். ஆகட்டுமே!

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நீங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. ‘‘யாருக்கும் வேலை போகாது சார்’’ என்று ட்ரெய்னி சொன்னால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. பொய்யாகப் போனால் பழி உங்கள்மேல்தான். அதை அந்தக் கம்பெனியின் நிர்வாகம் எழுத்தில் தரவேண்டும். அதனால் டெமோ தேதியை ஃபிக்ஸ் பண்ணுவதற்கு முன்னாலேயே உங்கள் ப்ராஜெக்ட் மேனேஜரிடம், ‘‘ஸ்டாஃபுக்கு சர்க்குலர் போயாச்சா சார்?’’ என்று கேட்டுவிடுங்கள்.