துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும்

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு முடியும்போது, எந்த உரிமமும் இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்துக்கொண்டு ஊருக்குள் நடமாடலாம் என்ற நிலை மூன்றே மாநிலங்களில் இருந்தது: வெர்மான்ட், அலாஸ்கா, அரிசோனா. இன்று அப்படிப்பட்ட மாநிலங்கள் 29. டெக்சஸ், ஒஹாயோ, ஜார்ஜியா, புளோரிடா என்று ஜனத்தொகை மிகுந்த மாநிலங்கள் பல இந்த வழிக்கு வந்துவிட்டன. 2024இல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்துகொண்டன. இரண்டிலும் 18 வயது நிரம்பினால் போதும். டல்லாஸிலும் அட்லாண்டாவிலும் பிள்ளைகளைக் குடித்தனம் வைத்துவிட்டு இங்கே கவலையோடு செய்தி பார்க்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது அந்நிய நாட்டுச் சங்கதி அல்ல.

இந்தச் சட்டங்களை ஆதரிப்பவர்கள் இதை அரசியல் சாசன உரிமை என்றே அழைக்கிறார்கள். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1791ஆம் ஆண்டின் இரண்டாவது திருத்தம் தந்திருக்கிறது. உரிமைக்கு எதற்கு அனுமதிச் சீட்டு என்பது அவர்கள் வாதம். ஆனால், அந்த உரிமையை மிக விரிவாக அங்கீகரித்த உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லவில்லை. 2022 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் பழைய சட்டத்தை அந்த நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் ரத்து செய்தது. தனக்கு விசேஷமான தேவை இருப்பதாக நிரூபித்தால்தான் உரிமம் என்ற விதியே அங்கு அடிபட்டது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், தகுதியுள்ள எல்லோருக்கும் கட்டாயம் உரிமம் தந்தாக வேண்டும் என்ற முறை 43 மாநிலங்களில் இருப்பதைக் குறிப்பிட்டு, அதை இந்தத் தீர்ப்பு கேள்விக்குள்ளாக்கவில்லை என்று அடிக்குறிப்பில் தெளிவுபடுத்தினார். விரல்ரேகை, பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சி ஆகியவற்றைக் கேட்கலாம் என்று நீதிபதி கவனாவும் தனியாக எழுதினார். ஆகவே, உரிம முறையைக் கைவிட்டது சட்டமன்றங்கள் தாமாக எடுத்த முடிவு. பொறுப்பும் அவற்றுடையதே.

உரிமம் என்ற ஏற்பாடு என்ன வேலை செய்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் துப்பாக்கி விற்கும்போது வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்த்தாக வேண்டும். தனி ஆள் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றால் மத்தியச் சட்டம் அதைக் கேட்பதில்லை. பல மாநிலங்களும் கேட்பதில்லை. அப்படிக் கை மாறிய துப்பாக்கியோடு ஒருவர் வெளியே வர நினைத்தால், அரசு அவரை நிறுத்தி விசாரிக்க எஞ்சியிருந்த ஒரே இடம் உரிம அலுவலகம். குற்றப் பின்னணி உள்ளவரா, குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடைக்கு உள்ளானவரா என்று அங்கேதான் தெரியவரும். அந்த இடத்தையும் இழுத்து மூடிவிட்டால், வாங்கும் நாள் முதல் சுடும் நாள் வரை அந்த மனிதரை யாருமே எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டெக்சஸில் முன்பு கேட்டதும் பெரிய விஷயமில்லை. நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு, ஓர் எழுத்துத் தேர்வு, ஒரு சுடும் தேர்வு. கட்டணத்தை 2017இலேயே 140 டாலரிலிருந்து 40 டாலராகக் குறைத்துவிட்டார்கள். இந்தச் சிறிய நிபந்தனையைத்தான் 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து கட்டாயமில்லை என்றாக்கினார்கள். ஒஹாயோவில் எட்டு மணி நேரப் பயிற்சி போனது. கூடவே இன்னொன்றும் போனது. போலீஸ் காரை நிறுத்தினால், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை ஓட்டுநர் தாமாகவே சொல்லியாக வேண்டும் என்பது முந்தைய விதி. இப்போது காவலர் கேட்டால் சொன்னால் போதும். இருட்டில் காரை நெருங்கும் காவலரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். போலீஸ் அமைப்புகள் இந்தச் சட்டத்தை எதிர்த்து வாதாடியதில் வியப்பில்லை.

எதிர்த் தரப்பில் கனமான வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமாகாது. உரிமம் தரும் அதிகாரம் அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடப்பட்ட காலத்தில் அது கறுப்பின மக்களுக்கு எதிராகவே பயன்பட்டது. 1956இல் மாண்ட்கமரி நகரில் வீட்டின் மீது குண்டு வீசப்பட்ட பிறகு, மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். கொலை மிரட்டலுக்கு நடுவே வாழ்ந்த மனிதருக்கே தகுதியில்லை என்று சொன்ன முறை அது. அந்த வரலாறு அமெரிக்காவின் வெட்கம். ஆனால், அங்கே அநீதி விளைந்தது அதிகாரியின் விருப்பு வெறுப்பால். தகுதிகளை எழுத்தில் வைத்து, குறித்த நாளுக்குள் முடிவு சொல்லி, மறுத்தால் காரணம் தந்து, மேல்முறையீட்டுக்கு வழிவிட்டால் அந்த நோய் தீரும். ஏழைக்குக் கட்டணம் சுமை என்றால் இலவசமாக்கலாம். தென் கரோலினா தன் 2024 சட்டத்திலேயே விரும்புவோருக்கு இலவசப் பயிற்சி வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்திருக்கிறது. பயிற்சி அவசியம் என்று அந்த மாநிலமே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதை ஏன் விருப்பத்துக்கு விட்டார்கள்?

இந்த வழியில் வெகுதூரம் போய்விட்ட மாநிலம் மிசௌரி. அங்கே ஆளுநர் ஜே நிக்சனின் மறுப்பை மீறி, 2017 முதல் உரிமத் தேவை நீங்கியது. 2023 பிப்ரவரியில், பெரியவர் துணையின்றிச் சிறுவர்கள் பொது இடத்தில் துப்பாக்கி ஏந்தக் கூடாது என்ற திருத்தம் மாநிலக் கீழவைக்கு வந்தது. 104-39 என்று தோற்கடித்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2024 பிப்ரவரி 14 அன்று, கான்சஸ் சிட்டியில் அமெரிக்கக் கால்பந்து வெற்றி ஊர்வலம். 800க்கும் மேற்பட்ட காவலர்கள் பாதுகாப்புக்கு நின்றார்கள். முன்பின் அறியாத இரு கூட்டத்தார், முறைத்துப் பார்த்ததாகத் தொடங்கிய சண்டையில் துப்பாக்கியை எடுத்தார்கள். ஒருவர் இறந்தார், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், அவர்களில் பாதிப் பேர் 16 வயதுக்கு உட்பட்டவர்கள். உரிமச் சட்டம் ஒன்று இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், ஆயுதம் ஏந்துவதே குற்றமில்லை என்றாகிவிட்ட ஊரில், கூட்டத்தில் ஒருவரின் இடுப்பில் துப்பாக்கியைக் கண்டாலும், அதை மட்டும் காரணமாக வைத்து அவரைத் தடுத்து நிறுத்தக் காவலருக்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. முதல் தோட்டா வெடிக்கும் வரை 800 பேரும் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

2021இல் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலைகள். உரிமச் சட்டம் இவை எல்லாவற்றையும் தடுத்துவிடாது. கோபத்தில் கை நீளும் தூரத்தில் துப்பாக்கி இருக்கும் தெருச் சண்டைகளில்தான் அதன் பலன் தெரியும்.

வட கரோலினாவில் 18 வயது இளைஞர்கள் பயிற்சியில்லாமல் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு நடமாட வழிவிடும் மசோதாவை, 2025 ஜூனில் ஆளுநர் ஜோஷ் ஸ்டைன் நிராகரித்தார். அவர் செய்ததே சரி. அடுத்த மாதமே மேலவை அவரை மீறி வாக்களித்தது தவறு. உரிம முறையை இன்னும் வைத்திருக்கும் மாநிலங்கள் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. கைவிட்ட மாநிலங்கள் இலவசப் பயிற்சியோடும், அதிகாரியின் விருப்பத்துக்கு இடமில்லாத விதிகளோடும் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். உச்ச நீதிமன்றம் இதற்குத் தடை சொல்லவில்லை. சட்டமன்றங்கள் மனம் வைக்க வேண்டும்.