தாலாட்டும் ஊழியம்தான்!

எங்கள் சபையின் பாடற்குழுவில் பெண்கள்தான் அதிகம். ஆனால் கீபோர்டு, கிதார், டிரம்ஸ் எல்லாம் பையன்கள் கையில். "நானும் ஏதாவது வாசிக்கப் பழகட்டுமா?" என்று கேட்டதற்கு, "பாடினா போதாதா சிஸ்டர், உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சிரித்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்து ஒரு யுகுலேலே வாங்கினேன். கிதாரின் குட்டித் தங்கை போல இருக்கும். நான்கே நைலான் தந்திகள். கிதாரின் இரும்புக் கம்பி போல விரலை அறுக்காது. 'சி' கார்டுக்கு ஒரு விரல், 'ஏ மைனரு'க்கு ஒரு விரல், 'எஃப்'புக்கு இரண்டு. 'ஜி செவன்'தான் மூன்று விரல் கேட்டுப் பாடாய்ப் படுத்தியது. உலை கொதிக்கும் நேரத்தில் தினமும் பத்து நிமிடம் பழகினேன். மூன்று மாதத்தில் எளிய பாட்டுகளுக்குக் கை வந்துவிட்டது. கீர்த்தனைகளின் ராக நெளிவுக்கு நம் தொண்டைதான் வேண்டும்; கூடவே தாளம் சேர்க்க இது போதும்.

இந்த வாத்தியத்துக்கு ஒரு கதை உண்டு. 1879-ல் போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்கள் கொண்டுபோன சிறு வாத்தியத்திலிருந்துதான் இது பிறந்தது. பிழைக்கப் போனவர்களோடு போனது!

எங்கள் வல்லம் வடகாலும் இன்று பிழைக்க வந்தவர்களின் ஊர்தான். தொழிற்சாலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியே 2024 ஆகஸ்டில் இங்கே திறக்கப்பட்டது. அதுபோக வாடகை அறைகளில் இருப்பவர்களும் உண்டு.

எங்கள் பக்கத்து மாடியில் அப்படி நாலு பெண்கள். ஒரு ஞாயிறு மாலை நான் வாசிப்பதைக் கேட்டு, அரியலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இறங்கி வந்தாள். "அக்கா, எங்கம்மா பாடுற தாலாட்டுக்கு இதுல வாசிக்க முடியுமா?" என்றாள். அவள் பாட, இரண்டே கார்டுகளில் நான் கூட வாசித்தேன். பாதியில் அவள் குரல் உடைந்துவிட்டது. நைட் ஷிப்ட் பார்த்துப் பார்த்து, அம்மாவிடம் போனில் பேசக்கூட நேரம் அமைவதில்லையாம்.

இதைக் கேட்ட ஒரு சகோதரி, "வசனம் சொல்லாம தாலாட்டு வாசிச்சுட்டு வந்திருக்கீங்க. இதுக்குப் பேர் ஊழியமா?" என்றார்.

ஆமாம், ஊழியம்தான் என்பேன். அழுகிறவர்களோடு அழச் சொல்லித்தானே நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது? அவள் சாமி கும்பிடுகிற பெண். அவளை மாற்றப் போகிறேன் என்று நான் கிளம்பியிருந்தால், மறு வாரம் மாடியிலிருந்து இறங்கியிருக்கவே மாட்டாள். இப்போது நாலு பேரும் வருகிறார்கள். என் ஞானப்பாட்டையும் கேட்கிறார்கள்; அவர்கள் பாட்டுக்கும் நான் வாசிக்கிறேன். ஒலிபெருக்கி வைத்துத் தெருவையே எழுப்புவதைவிட, மடியில் அடங்கும் இந்தச் சின்ன வாத்தியம் ஒரு மனசை ஆற்றுவது மேல் இல்லையா?

சகோதரிகளே, "நமக்கெதுக்கு" என்று ஒதுங்காதீர்கள். கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மேடைக்காக மட்டும் அல்ல, பக்கத்து வீட்டுக்காகவும்!

- ஒரு இல்லத்தரசி, வல்லம் வடகால்.