உலக வங்கி யாருக்குப் பதில் சொல்லும்?

மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கை என்னும் பெயர் பெறும் இடத்திற்கு அண்மையில் நிற்கிறது பொல்பிட்டிய மின்சார நிலையம். 1969-ஆம் ஆண்டு முதல் அது மின்சாரம் தந்து வருகிறது. கம்பிகள் கொழும்பை நோக்கிச் செல்கின்றன. மேலே, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. கோடையில் நீர் வற்றினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் தலைகாட்டும். ஒளி ஓரிடத்தில், இழப்பு வேறோரிடத்தில். இத்தகைய இழப்புகளுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் யார்?

அரசாங்கத்தைக் கேளுங்கள் என்பர் சிலர். கேட்கத்தான் வேண்டும். ஆனால் இம்மலைகளின் நீரை மின்சாரமாக்கிய பணி அரசாங்கத்தின் பணத்தால் மட்டும் நடந்ததன்று. 1950-ல் உலக வங்கியின் அங்கத்துவ நாடான இலங்கை, அவ்வங்கியிடம் பெற்ற முதற் கடனே லக்சபான மின்திட்டத்திற்குப் பெற்றதுதான். 1954-ல் பெற்ற அக்கடனின் தொகை 1 கோடியே 91 இலட்சம் டொலர். லக்சபானவைக் கடந்து வரும் நீரே பொல்பிட்டியவின் சுழலிகளையும் இயக்குகிறது.

அந்த 1954-ல் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியின் நிலை என்ன? 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிவிட்டது. 1949-ல் வாக்குரிமையும் பறிபோயிற்று. வங்கி தன் அங்கத்துவ அரசுகளுக்குப் பதில் சொல்லும். அரசுகள் தம் மக்களுக்குப் பதில் சொல்லும் என்பதே சர்வதேச ஸ்தாபனங்கள் கூறும் தத்துவம். எந்த அரசும் தன் பிரஜையென்று ஏற்காதவனுக்கு யார் பதில் சொல்வது? அரசாங்கம் அவனைத் தன்னவன் அல்லன் என்றது. வங்கியோ அரசாங்கத்தோடு மட்டுமே பேசிற்று. பதில் சொல்லும் சங்கிலியின் கடைசிக் கண்ணியே அறுந்து கிடந்தது!

சட்டம் என்ன சொல்கிறது? ஐக்கிய நாடுகளின் சர்வதேசச் சட்ட ஆணைக்குழு 2011-ல் இதுபற்றிய விதிகளை வகுத்தது. ஸ்தாபனம் செய்யும் தவறுக்கு ஸ்தாபனமே பொறுப்பு. அங்கத்துவம் என்ற ஒரே காரணத்தால் அரசு பொறுப்பாளியாகாது. ஆனால் தவறுக்குத் துணைபோன அரசும், தன் கடமையிலிருந்து நழுவ ஸ்தாபனத்தைத் திரையாக்கிய அரசும் பொறுப்பேற்க வேண்டும். நல்ல விதிகளே! ஆயினும் அவை இன்றுவரை உடன்படிக்கையாகவில்லை.

நீதிமன்றங்களின் கதவோ எளிதில் திறப்பதில்லை. 1985-ல் சர்வதேச வெள்ளீய மன்றம் பெருங்கடனில் மூழ்கியபோது, கடன் கொடுத்தோர் அங்கத்துவ அரசுகள்மீது வழக்குத் தொடுத்தனர். மன்றம் வேறு, அரசுகள் வேறு என்று 1989-ல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. குஜராத்தின் முந்திராவில் நிலக்கரி மின்நிலையத்திற்கு உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2008-ல் 45 கோடி டொலர் கடன் கொடுத்தது. மீனும் விளைநிலமும் கெட்டன என்று மீனவரும் விவசாயிகளும் அமெரிக்காவில் வழக்காடினர். இத்தகைய ஸ்தாபனங்களுக்கு முழு விடுபாட்டுரிமை இல்லை என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. ஏழைகள் வென்றனர் என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால் கீழ் நீதிமன்றங்கள், வழக்கின் அடிப்படையான செயல் அமெரிக்காவில் நிகழவில்லை எனத் தள்ளின. 2022-ல் உயர் நீதிமன்றமும் மேற்கொண்டு விசாரிக்க மறுத்தது.

விடுபாட்டுரிமை வேண்டியதே என்று வாதிப்பவரும் உளர். நாட்டுக்கு நாடு வழக்குகள் எழுந்தால் ஏழை நாடுகளுக்குக் கடன் கொடுக்க ஆளிராது என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வல்லரசுகளின் மிரட்டலுக்கு அஞ்சிப் பிடித்த கேடயத்தை, வீடிழந்த கூலித் தொழிலாளிக்கு எதிராக உயர்த்துவது எவ்வகை நியாயம்? ஒரு வாயிலை மூடுபவர் மறு வாயிலைத் திறந்து வைக்கக் கடமைப்பட்டவர்.

நர்மதை மக்களின் போராட்டம் அத்தகைய வாயில் ஒன்றைத் திறக்கச் செய்தது. அதன் விளைவாக உலக வங்கி 1993-ல் பரிசீலனைக் குழுவை அமைத்தது. பாதிக்கப்பட்டோர் இருவர் சேர்ந்தாலே அதற்கு முறையிடலாம். அதனிலும் முக்கியமான ஒன்றுண்டு: நிலத்துக்கு உறுதியில்லாதவருக்கும் வங்கியின் விதிகள் மீள்குடியேற்ற உதவியை உறுதிசெய்கின்றன. 2003-ல் பிரஜாவுரிமை கிடைத்த பின்னரும், வாழும் லயன் அறைக்கு உறுதி இல்லாத தோட்டக் குடும்பங்களுக்கு இது பெரும் பிடிமானம். ஆனால் கடன் முடிந்து காலங்கடந்தால் இக்குழு முறையீட்டை ஏற்காது. மஸ்கெலியாவின் பழைய கணக்குக்கு அங்கே இடமில்லை. வரப்போகும் கணக்குக்கு உண்டு.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. சர்வதேச வங்கிகளின் கடன் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகுமுன் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். முறையிடும் வழி தோட்டந்தோறும் தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். உறுதியில்லாத குடும்பங்களின் நட்டஈடு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். இலங்கை கடனாளி மட்டுமன்று, அவ்வங்கியின் பங்காளியுமாகும். பங்காளிக்கு வாயுண்டு. அதைத் திறக்கச் செய்வது, இன்று வாக்குரிமை பெற்றுள்ள நம் கையிலேயே இருக்கிறது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. நமக்கோ எய்தவன் அரசாங்கம், வில் கொடுத்தவன் வங்கி. இருவரும் ஒருவர்மீது ஒருவர் கைகாட்டி நழுவ இனியும் இடங்கொடோம்!