குழந்தைக்கு கல்லீரல் மாற்று: ஒரே வீட்டில் 2 ஆபரேஷன்... பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பிறந்து 2 வாரம் தாண்டியும் குழந்தைக்கு மஞ்சள் காமாலை குறையவில்லையா? மலம் வெளுத்துப் போகிறதா? 'வெயில்ல காட்டினா சரியாயிடும்' என்று காத்திருக்க வேண்டாம். பித்தநாள அடைப்பாக இருக்கலாம்.

ஏன் அவசரம்?

பித்தநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, கல்லீரலையே கெடுக்கும். சுமார் 60 நாட்களுக்குள் 'கசாய்' ஆபரேஷன் செய்தால் பலன் அதிகம். அதுவும் கைகொடுக்காவிட்டால் கல்லீரல் மாற்றுதான் வழி.

யார் தருவது?

பெரும்பாலும் அம்மா அல்லது அப்பா. ரத்த வகை, உடல்நிலை பார்த்து டாக்டர்கள் முடிவு செய்வார்கள். சிறு பகுதி போதும். தந்தவருக்கு அது மீண்டும் வளர்ந்துவிடும். தாத்தா, பாட்டி தரவும் சட்டத்தில் இடமுண்டு.

அதுவரை?

பித்தநீர் குடலுக்கு வராததால் கொழுப்பு சரியாகச் செரிக்காது, எடை ஏறாது. டாக்டர் சொல்லும் சிறப்பு உணவு, தடுப்பூசி இரண்டையும் தவறவிடக் கூடாது.

அந்த நாளில்?

அம்மா ஒரு தியேட்டரில், குழந்தை இன்னொன்றில். வெளியே அப்பா மட்டும். தந்தவர் சில வாரங்களுக்கு குழந்தையைத் தூக்கவே கூடாது. 'நீ தாயைப் பாரு, நான் பிள்ளையைப் பார்க்கிறேன்' என்று சொல்ல இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். அதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பிறகு?

எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்தும் மாத்திரை பொதுவாக ஆயுள் முழுக்கத் தொடரும். 1998-ல் டெல்லியில் அப்பாவின் கல்லீரல் பகுதியைப் பெற்ற காஞ்சிபுரம் குழந்தை, வளர்ந்து டாக்டரே ஆகிவிட்டார்!