கட்டில் கத்தினால் ஆணி அடிக்காதீர்கள்

தில்லி, நொய்டா பக்கம் குடியிருக்கும் நம்மூர்க் குடும்பங்களின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஃபில்டர் காபி இருக்கும், வெட் கிரைண்டர் இருக்கும், பெட்ரூமில் 'கிரீச் கிரீச்' என்று முனகும் மரக்கட்டில் ஒன்றும் இருக்கும். காபிப் பொடிக்குப் படுகிற பாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட அந்தக் கட்டிலுக்கு யாரும் படுவதில்லை என்பதுதான் என் புகார்.

கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான். "வாடகை வீடு சார், அடுத்த டிரான்ஸ்பர்ல புதுசா வாங்கிக்கலாம்." இப்படிச் சொன்ன நண்பர் மயூர் விஹாரில் அதே ஃப்ளாட்டில் பதினோரு வருடமாக இருக்கிறார். கட்டிலும் அதேதான், சத்தமும் அதேதான்.

நமக்குப் பழகிவிட்டது. கஷ்டமெல்லாம் ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு. என் அம்மா வந்திருந்தபோது நாலாம் நாள் பாயை எடுத்துத் தரையில் விரித்துவிட்டார். "எனக்குக் கீழதான்ப்பா வசதி" என்றார். முழங்கால் வலிக்காரருக்குத் தரை எப்படி வசதியாகும்? பேத்தி கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "பாட்டி திரும்பிப் படுத்தா உனக்கு முழிப்பு வந்துடுதே கண்ணு." புரண்டு படுக்கக்கூட யோசித்துக்கொண்டு மூன்று ராத்திரி படுத்திருந்திருக்கிறார், அதுவும் மகன் வீட்டில்.

தாத்தா வீட்டுத் தேக்குக் கட்டில் இப்படிக் கத்தாது. ஆசாரி முனையைச் செதுக்கித் துளையில் இறக்கி ஆப்பு வைத்துவிட்டுப் போவார், பிறகு அது அந்த அறையை விட்டு நகராது. நம் கட்டிலோ கழற்றிப் பூட்டுவதற்கென்றே செய்தது. ஜோத்பூர், சஹாரன்பூர் பக்கத்து ஷீஷம் மரமாக இருக்கட்டும், கீர்த்தி நகரில் வாங்கிய ப்ளைவுட் பாக்ஸ் பெட்டாக இருக்கட்டும், பெரும்பாலும் போல்ட்டும் ஸ்க்ரூவும்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. வீடு மாற்றும்போதெல்லாம் கழற்றிப் பூட்ட, துளை கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது.

போதாததற்குத் தில்லி வானிலை வேறு. மே, ஜூனில் 'லூ' என்கிற வறண்ட அனல் காற்று அடிக்கும்போது மரம் ஈரத்தை இழந்து சுருங்கும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் உப்பும். நீளவாட்டில் பெரிய மாற்றம் இருக்காது, குறுக்குவாட்டில்தான் எல்லாம். இரும்பு போல்ட் இதற்கெல்லாம் அசைந்து கொடுக்காது. அதனால் இணைப்பில் இடைவெளி விழுந்து, மரத்தோடு மரம் உரசுகிறது. அந்த உரசல்தான் நம் தூக்கத்தைக் கெடுக்கும் சங்கீதம்.

காலனி மிஸ்திரியைக் கூப்பிட்டால் மூலைக்கு இரண்டு ஆணி அடித்துக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு மாசம் அமைதியாக இருக்கும். பிறகு ஆணி துளைக்குள் ஆடி அதுவும் சேர்ந்து பாட ஆரம்பிக்கும். அடுத்த தடவை வீடு மாற்றும்போது பேக்கர்ஸ் ஆட்கள் நெம்பி எடுப்பார்கள், சட்டம் பிளந்துகொள்ளும். கழற்றிப் பூட்டும் கட்டிலுக்கு ஆணி விரோதி.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் மெத்தையைத் தரையில் போட்டுப் புரண்டு பாருங்கள், ஸ்பிரிங் மெத்தையே குற்றவாளியாக இருக்கலாம். அது சத்தம் போடவில்லை என்றால் கட்டிலின் ஒவ்வொரு மூலையையும் ஒருவர் பிடித்து ஆட்ட, இன்னொருவர் காதைக் கிட்டே வைத்துக் கேட்க வேண்டும். (எங்கள் வீட்டில் ஆட்டுவது நான், கேட்பதும் தீர்ப்பு சொல்வதும் தங்கமணி.) சத்தம் வருகிற இடத்தில் பென்சிலால் குறி போடுங்கள். குறி போடாமல் எல்லாவற்றையும் முறுக்குவது வீண் வேலை.

போல்ட் லூஸ் என்றால் அலன் கீ போதும். பெரும்பாலும் 4, 5 அல்லது 6 மில்லிமீட்டர்தான் இருக்கும், செட்டாகவே ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். போல்ட்டின் தலை மரத்துக்குள் பதிந்து போயிருந்தால் அகலமான வாஷர் ஒன்று போட்டு முறுக்குங்கள். வெறி பிடித்த மாதிரி முறுக்கினால் மரம் நசுங்கும், கை தடுக்கும்போது நிறுத்திவிடுங்கள். ஸ்க்ரூ சும்மா சுற்றினால் துளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மருந்து முனையை உடைத்த தீக்குச்சிகளைப் பெவிகாலில் தோய்த்துத் துளையில் அடைத்து, ஒருநாள் காயவிட்டு, திரும்ப ஸ்க்ரூவை ஏற்றுங்கள். பிடிக்கும்.

நடுவில் இருக்கும் பலகைகள்தான் நிறையப் பேர் வீட்டில் உண்மையான வில்லன். பலகை முனை உட்காரும் இடத்தில் பழைய ஜீன்ஸ் துணியைப் பட்டையாக வெட்டி ஒட்டிவிட்டால் பாதிச் சத்தம் அன்றைக்கே போகும். துணி நுழையாத இடுக்கில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்க்கலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். மரம் அதைக் குடித்துவிடும், தூசு ஒட்டும், எறும்பும் வரும்.

எல்லாக் கட்டிலும் பிழைக்கும் என்று சொல்லவில்லை. கரையான் அரித்த சட்டம், தண்ணீர் பட்டு உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டு இரண்டுக்கும் ஸ்க்ரூ பிடிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. அதற்குப் புதுசு வாங்குவதுதான் வழி. ஆனால் நல்ல ஷீஷம் கட்டிலைச் சத்தம் போடுகிறது என்று கபாடிவாலாவுக்குத் தள்ளிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம், வீடு மாற்றும்போது கழற்றுவதற்கு முன்பே எந்தச் சட்டம் எந்தக் காலோடு சேரும் என்று உள்பக்கமாக எண் எழுதி வையுங்கள். இடது வலது மாற்றிப் பூட்டினால் பழைய துளைகள் சரியாகப் பொருந்தாது. போல்ட்டு, வாஷர் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுத் தலைமாட்டுப் பலகையின் பின்னால் டேப் ஒட்டிவிடுங்கள். அலன் கீயும் அதே கவரில் இருக்கட்டும். புது ஊரில் லாரி வந்து சேரும்போது ராத்திரி பத்து மணி ஆகியிருக்கும், எந்த ஹார்டுவேர் கடையும் திறந்திருக்காது.